அயலவரிலிருந்து குடிமக்கள் வரை: மலாயா, மலேசியக் கல்விக் கொள்கை ஆவணங்களில் சிறுபான்மையினர் பற்றிய சித்திரம்

முன்னுரை

ஒரு நாட்டின் கல்விக் கொள்கையை ஆராய்வோர் பெரும்பாலும் அக்கொள்கை எதை வழங்கியது, எதை மறுத்தது என்னும் இரு வினாக்களைச் சுற்றியே தம் ஆய்வை அமைத்துக் கொள்கின்றனர். மலேசியத் தமிழ்க்கல்வி வரலாறு பற்றி எழுதப்பட்டவற்றுள் பலவும் இவ்வகையினவே. பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவர் தொகை, மானியம், ஆசிரியர் பயிற்சி ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. இவற்றின் தேவையை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் இவற்றுக்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. கொள்கையை வகுத்தவர்கள் அக்கொள்கைக்கு உட்பட்ட மக்களை யாராகக் கருதினார்கள் என்பதே அவ்வினா. ஒரு குழந்தையை உழவனின் மகன் என்று கருதும் அரசு அதற்கு ஒருவகைப் பள்ளியைத் தரும். வந்து போகும் கூலியின் மகன் என்று கருதும் அரசு வேறொரு வகைப் பள்ளியைத் தரும். நாளைய குடிமகன் என்று கருதுமானால் மூன்றாவது வகைப் பள்ளியைத் தரும்.

இக்கட்டுரையில் நாம் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதல் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதன் பின்னைய திருத்தமும் வரையிலான முக்கிய ஆவணங்களில், மலாய்க்காரர் அல்லாதாரும் நாட்டின் குடிமக்கள் அல்லாதாரும் எவ்வாறு சித்திரிக்கப்பட்டனர் என்பதை ஆராய முற்படுகிறோம். தமிழர் நிலையே நம் மையக் கவனத்திற்குரியது. ஆனால் சீனர், பூர்வகுடியினர், அண்மைக் காலத்தில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் ஆகியோரை விலக்கிவிட்டுத் தமிழர் நிலையை மட்டும் விளங்கிக் கொள்ள இயலாது என்பது நம் கருத்து.

மூன்று சட்டங்களும் மூன்று குழந்தைகளும்

1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கப்பெற்றது. அதனோடு இணைந்து நடைபெற்ற தமிழ் வகுப்பிலிருந்தே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுவது மரபாகும். அத்தொடக்கத்தை ஆட்சியாளரின் கொள்கை எனக் கூறுதல் பொருந்தாது; அது ஒரு பள்ளியின் ஏற்பாடு. அரசு தமிழ்க் குழந்தையைப் பற்றித் தெளிவாகப் பேசியது 20ஆம் நூற்றாண்டில்தான். அப்போதும் அது கல்விச் சட்டத்தின் வழியாகப் பேசவில்லை என்பது நம் கவனத்தை ஈர்க்கிறது.

1910 முதல் 1925 வரையிலான காலப் பகுதியில், ஒரே ஆட்சியின் கீழ் வாழ்ந்த மூன்று இனக் குழந்தைகளும் மூன்று வேறு ஆவணங்களில் இடம்பெற்றனர். மலாய்க் குழந்தை கல்வித் துறையின் அறிக்கைகளில் இடம்பெற்றது. ஆர். ஓ. வின்ஸ்டெட் ஜாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று திரும்பி 1917இல் அளித்த அறிக்கையின் விளைவாக மலாய்த் தொடக்கப் பள்ளியின் படிப்புக் காலம் ஐந்தாண்டிலிருந்து நான்காண்டாகக் குறைக்கப்பட்டது. தோட்டக் கலையும் கைத்தொழிலும் முதன்மை பெற்றன. 1920ஆம் ஆண்டு மலாய் ஐக்கிய மாநிலங்களின் ஆண்டறிக்கை, மீனவனின் மகனையும் உழவனின் மகனையும் தந்தையினும் சற்று அறிவு கூடிய மீனவனாகவும் உழவனாகவும் ஆக்குவதே அரசின் நோக்கம் என்னும் கருத்தினை வெளிப்படையாகவே கூறியது. மலாய்க்காரர் மண்ணின் மைந்தர் என ஏற்கப்பட்டார். ஆனால் அம்மண்ணைவிட்டு மேலெழக் கூடாதவராகவும் வரையப்பட்டார்.

சீனக் குழந்தை 1920ஆம் ஆண்டுப் பள்ளிப் பதிவுச் சட்டத்தில் இடம்பெற்றது. 1919இல் சீனாவில் எழுந்த மே நான்கு இயக்கத்தின் எதிரொலி சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கேட்டதை அடுத்து, பள்ளிகளும் ஆசிரியர்களும் நிருவாகிகளும் பதிவு செய்யப்பட வேண்டும் என அச்சட்டம் விதித்தது. சீனப் பள்ளி அரசின் பார்வையில் அரசியல் ஐயத்திற்கு உரிய இடமாக ஆயிற்று.

தமிழ்க் குழந்தை இடம்பெற்றது தொழிலாளர் சட்டத்தில். 1912ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை விரிவாக்கிய 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளியொன்றை அமைத்துத் தர வேண்டும் என்று கூறின. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளோர் பள்ளி வயதினர் எனக் கொள்ளப்பட்டனர். குடியிருப்பு, குடிநீர், மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் அதே சட்டத்தில் பள்ளியும் ஒரு வசதியாக வைக்கப்பட்டது. குழந்தைக்கு உரிய கல்வி என்பதைவிடத் தொழிலாளியைத் தோட்டத்தில் நிலைநிறுத்தும் வசதிகளுள் ஒன்று என்பதே அதன் பொருளாக அமைந்தது.

உழவன், ஐயத்திற்குரியவன், தொழிலாளி என்னும் இம்மூன்று சித்திரங்களும் கல்வியின் தரத்தைத் தீர்மானித்தன. தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். கிராணியோ கங்காணியோ படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியப் பணியையும் சேர்த்துப் பார்த்த நிலை இருந்தது. பாடநூல்கள் சென்னையிலிருந்து வந்தன. காவிரியையும் வைகையையும் படித்த குழந்தை தன் தோட்டத்தைக் கடந்து ஓடும் பேராக் ஆற்றைப் பற்றி ஒரு வரியும் படிக்கவில்லை. இதற்கு ஆட்சியாளரை மட்டும் குறை கூறுவது முறையன்று. இக்குழந்தை என்றேனும் ஒருநாள் ஊர் திரும்பும் என்னும் எண்ணம் ஆட்சியாளருக்கும் இருந்தது. தோட்ட நிருவாகத்துக்கும் இருந்தது. பெற்றோர் பலருக்கும் இருந்தது. நகர்ப்புறத்தில் வாழ்ந்த இந்தியரும் இலங்கைத் தமிழரும் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பியதால், தமிழ்ப்பள்ளி என்றாலே தோட்டப் பள்ளி என்னும் எண்ணம் நம்மவரிடையேயும் வேரூன்றியது.

இச்சித்திரம் உண்மையோடு பொருந்தாமல் போகத் தொடங்கிய காலத்தையும் குறிப்பிட வேண்டும். 1931ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் இந்தியருள் ஐந்தில் ஒருவர் என்ற அளவினரே இம்மண்ணில் பிறந்தவர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. அதன் பின் போரும் வந்தது. 1947ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியருள் ஏறத்தாழப் பாதிப் பேர் இங்கேயே பிறந்தவராயினர். மக்கள் மாறிவிட்டனர், ஆவணங்களில் இருந்த சித்திரம் மாறவில்லை.

பார்ன்ஸ் அறிக்கை: பள்ளியே பற்றுறுதிச் சோதனை

போருக்குப் பின்னர்க் கல்விக் கொள்கை முதன்முறையாகக் குடியுரிமை பற்றிய உரையாடலோடு பிணைந்தது. 1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தது. அவ்வாண்டிலேயே அவசரகாலமும் தொடங்கியது. இச்சூழலில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல். ஜே. பார்ன்ஸ் தலைமையில் 1950இல் அமைக்கப்பட்ட குழு, 1951ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தன் அறிக்கையை வழங்கியது. மலாய்க் கல்வியை ஆராயவே அக்குழு அமைக்கப்பட்டது. அதில் ஐரோப்பியரும் மலாய்க்காரரும் மட்டுமே உறுப்பினர். எனினும் அதன் பரிந்துரை மலாய்க் கல்வியோடு நின்றுவிடவில்லை. எல்லா இனக் குழந்தைகளும் ஒரே வகைத் தேசியப் பள்ளியில், மலாயும் ஆங்கிலமும் வழியாகப் பயில வேண்டும் என்றும், சீன, தமிழ்ப் பள்ளிகள் படிப்படியாக வழிவிட வேண்டும் என்றும் அது கூறியது.

இப்பரிந்துரைக்கு அக்குழு கொடுத்த நியாயம் நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. மலாயாவைத் தம் நிலையான தாயகமாகவும் தம் முழுப் பற்றுக்கு உரிய நாடாகவும் கருதும் பெற்றோர் இவ்விரு மொழிக் கல்வியை மகிழ்வோடு ஏற்பர். அதில் மகிழ்ச்சியுறாதவர் அவ்வாறு கருதவில்லை என்றே கொள்ளத் தகும் என்பது அந்நியாயத்தின் சாரம். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் செயல் இவ்வாறு நாட்டுப்பற்றை அளக்கும் கோலாக மாற்றப்பட்டது. தாய்மொழிக் கல்வியை விரும்பிய பெற்றோர் கல்வி பற்றிய ஒரு கருத்தைக் கொண்டவராகச் சித்திரிக்கப்படவில்லை; மனத்தளவில் இன்னும் அயலவராக இருப்பவராகச் சித்திரிக்கப்பட்டனர்.

பார்ன்ஸ் குழுவின் நோக்கம் தீயது எனக் கூற நாம் முற்படவில்லை. இனவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகள் ஒரு நாட்டை உருவாக்க உதவா என்னும் அதன் கவலை உண்மையானது. இன்றும் அக்கவலை தீரவில்லை. ஆறாண்டு இலவசத் தொடக்கக் கல்வி என்னும் அதன் கருத்து ஏழைக் குழந்தைகளுக்குப் பெரும் பயன் தரக் கூடியதாகவும் இருந்தது. ஆனால் யாரைப் பற்றி முடிவு செய்யப்படுகிறதோ அவர்கள் அம்முடிவு எடுக்கப்படும் மேசையில் இல்லை. இல்லாதவரின் உள்ளத்தை அளப்பது எளிது.

ஃபென்-வூ அறிக்கையும் தமிழரின் மௌனமும்

சீன சமூகத்தின் எதிர்ப்பை அடுத்து, சீனாவில் கல்விப்பணி ஆற்றிய அமெரிக்கரான வில்லியம் ஃபென்னும் ஐக்கிய நாடுகள் அமைப்பைச் சேர்ந்த வூ தே-யாவும் அழைக்கப்பட்டனர். 1951இல் அவர்கள் அளித்த அறிக்கை பார்ன்ஸ் அறிக்கைக்கு நேரெதிரான சித்திரத்தை வரைந்தது. ஒரு நாட்டு மக்களின் ஒற்றுமை ஒற்றை மொழியால் மட்டும் அமைவதில்லை. அது குடிமக்களின் உள்ளத்தைச் சார்ந்தது என்பது அவர்கள் வாதம். அதே நேரத்தில் சீனப் பள்ளிகளின் பாடநூல்கள் சீனாவையே மையமாகக் கொண்டிருந்த குறையையும் அவர்கள் மறைக்கவில்லை. அவை மலாயாச் சூழலுக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டும் என்றனர். பிறமொழி பேசுவோரும் மலாயாவினராக இருக்க முடியும் என்னும் கருத்து அரசு கேட்டுப் பெற்ற ஓர் ஆவணத்தில் தெளிவாக இடம்பெற்றது இங்கேதான்.

மலாயர் கல்விக்கு ஒரு பார்ன்ஸ் அறிக்கை. சீனர் கல்விக்கு ஒரு ஃபென்-வூ அறிக்கை. இவற்றோடு ஒத்து வைத்து எண்ணத்தக்க செல்வாக்குப் பெற்ற அறிக்கை தமிழ்க்கல்விக்கு வாய்க்கவில்லை. 1952ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியப் பள்ளி என்னும் பார்ன்ஸ் கருத்தையே பெரிதும் தழுவியது. சீனமும் தமிழும் கற்பிக்கும் மொழி என்னும் நிலையிலிருந்து பாடம் என்னும் நிலைக்கு வந்தன; அதுவும் பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் என்னும் நிபந்தனையோடு வந்தது. நிதிப் பற்றாக்குறையால் அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1954ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குள்ளேயே தேசிய வகுப்புகளைத் தொடங்கலாம் என்னும் மாற்று வழியைத் தேடியது. சட்டம் தளர்ந்தது, ஆனால் அது அறிமுகப்படுத்திய பதினைந்து என்னும் எண் நிலைத்துவிட்டது.

ரசாக் அறிக்கை: 'பிற சமூகத்தார்'

1955ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர் அப்துல் ரசாக் உசேன் தலைமையில் பதினைவர் கொண்ட குழு அமைந்தது. மூவினத்தாரும் அதில் இடம்பெற்றனர். அதன் பணிவரம்பே ஒரு புதிய மொழியில் அமைந்தது. மக்கள் அனைவருக்கும் ஏற்புடைய தேசியக் கல்வி முறையை உருவாக்க வேண்டும். மலாயை நாட்டின் தேசிய மொழியாக்கும் எண்ணத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். அதே வேளையில் நாட்டில் வாழும் பிற சமூகத்தாரின் மொழியையும் பண்பாட்டையும் பேணி அவற்றின் வளர்ச்சிக்குத் துணைநிற்க வேண்டும் என்பது அதன் பொருள். 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இக்கருத்தை நாட்டின் கல்விக் கொள்கையாகவே அறிவித்தது.

இத்தொடரில் இரு கூறுகள் உள்ளன. பேணுதலும் வளர்த்தலும் அரசின் கடமையாகக் கூறப்பட்டமை முதலாவது. பார்ன்ஸ் அறிக்கையில் பற்றின்மையின் அடையாளமாகக் காட்டப்பட்ட தாய்மொழி, இங்கு அரசு காக்க வேண்டிய செல்வமாயிற்று. இரண்டாவது கூறு நுட்பமானது. தமிழரும் சீனரும் 'நாட்டில் வாழும் பிற மக்கள்' என்று சுட்டப்பட்டனர். 'நாட்டின் மக்கள்' என்பதற்கும் 'நாட்டில் வாழும் மக்கள்' என்பதற்கும் இடையில் உள்ளது ஒரு வேற்றுமை உருபுதான். தமிழாசிரியர்க்கு அவ்வுருபின் பொருள் வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. ஒன்று உடைமையைக் குறிக்கும். மற்றொன்று இடத்தை மட்டும் குறிக்கும்.

அறிக்கையின் 12ஆம் பத்தி, எல்லா இனக் குழந்தைகளையும் தேசிய மொழியே முதன்மைக் கற்பிக்கும் மொழியாக உள்ள கல்வி முறையின் கீழ்க் கொண்டுவருவதே இறுதிக் குறிக்கோள் என்றது. பேணுதல் என்னும் வாக்குறுதியும் இறுதிக் குறிக்கோள் என்னும் இலக்கும் ஒரே ஆவணத்தில் அருகருகே நின்றன. பின்வந்த அறுபது ஆண்டுகளின் விவாதங்கள் அனைத்தும் இவ்விரண்டில் எதை எவர் மேற்கோளாக எடுத்தனர் என்பதைப் பொறுத்தே அமைந்தன எனலாம். பொதுப் பாடத்திட்டம் என்னும் ரசாக் அறிக்கையின் மற்றொரு பரிந்துரையே தமிழ்ப் பள்ளிகளின் பாடநூல்களை இந்நாட்டு மண்ணுக்கு உரியவையாக மாற்ற வழிவகுத்தது. அதன் பயனை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும்.

1961: விடுபட்ட ஒரு தொடர்

1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையின் அடிப்படையில் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. 1962 முதல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. இது தோட்டப்புற மக்களுக்குக் கிடைத்த மாபெரும் நன்மை. ஆயினும் அச்சட்டத்தின் முகப்புரையைப் படிப்போர் ஒரு மாற்றத்தைக் காண்பர். தேசியக் கல்வி முறை பற்றிய பகுதி அப்படியே உள்ளது. தேசிய மொழி முதன்மைக் கற்பிக்கும் மொழியாகும் முறையைப் படிப்படியாக வளர்த்தல் என்பது சேர்ந்துள்ளது. பிற மக்களின் மொழியையும் பண்பாட்டையும் பேணி வளர்த்தல் என்னும் தொடர் இல்லை.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அச்சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு. தேசிய வகைத் தொடக்கப் பள்ளியொன்றைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அது அமைச்சருக்கு வழங்கியது. அப்பிரிவு 1996ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்படும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், தாய்மொழிப் பள்ளிகளின் நிலைபேறு பற்றிய அச்சத்தை உயிரோடு வைத்திருந்தது. 'தேசியப் பள்ளி', 'தேசிய வகைப் பள்ளி' என்னும் பெயர்களும் ஆராயத்தக்கவை. முன்னது அடைமொழியின்றித் தேசியமாக நிற்கிறது. பின்னது 'வகை' என்னும் சொல்லால் தேசியத்தைப் போன்றது ஆகிறது. நாள்தோறும் தம் பள்ளியின் பெயர்ப்பலகையைக் கடந்து செல்லும் மாணவர் இச்சொல்லைச் சிந்திப்பதில்லை. ஆனால் சட்டம் சிந்தித்தே அதனை எழுதியது.

முகப்புரையிலிருந்து விடுபட்ட தொடர் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். 1957ஆம் ஆண்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக நிறுவும்போதே, பிறமொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுத்தலாகாது என்றும், பிற சமூகத்தாரின் மொழிப் பயன்பாட்டையும் பயிற்சியையும் பேணும் அரசின் உரிமைக்கு ஊறு நேராது என்றும் கூறுகிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவை முரணானவை அல்ல எனத் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. 1955இல் ஒரு குழுவின் பணிவரம்பில் எழுதப்பட்ட சொற்களின் எதிரொலி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் நீதிமன்றத்தில் கேட்டது.

பதினைந்து என்னும் எண்

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 21(2)ஆம் பிரிவைக் கைவிட்டது. தேசியப் பள்ளிகளில் சீனமும் தமிழும் பயில விரும்புவோர்க்கு, பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்றது. 1952இன் எண் 1996இலும் அவ்வாறே இருப்பதை நாம் காண்கிறோம். பூர்வகுடியினரின் மொழிகளுக்கும் அதே எண் விதிக்கப்பட்டது. அதனோடு, இயல்வதும் நடைமுறைக்கு ஏற்றதுமாக இருப்பின் என்னும் மற்றொரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய மக்களின் மொழிக்கே கூடுதல் நிபந்தனை விதிக்கப்பட்டுள்ளமை, சிறுபான்மை என்பது வந்த காலத்தைப் பொறுத்ததன்று என்பதைக் காட்டுகிறது.

தீபகற்பத்துப் பூர்வகுடியினரின் வரலாறு தமிழர் வரலாற்றோடு எதிர்பாராத ஒற்றுமை உடையது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிக் குழந்தை என்னும் காரணத்தால் மட்டும் எவரையும் பள்ளியிலிருந்து விலக்கலாகாது எனக் கூறியது. ஆயினும் அக்குழந்தைகளின் தொடக்கக் கல்வி நெடுங்காலம் பூர்வகுடியினர் விவகாரத் துறையின் பொறுப்பிலேயே இருந்தது. கல்வி அமைச்சின் பொறுப்புக்கு அது வந்தது 1995இல்தான். தமிழ்க் குழந்தை தொழிலாளர் சட்டத்தின் கீழ்ப் படித்தது போலப் பூர்வகுடிக் குழந்தை வேறொரு துறையின் கீழ்ப் படித்தது. எந்த அலுவலகத்தின் கோப்பில் ஒரு குழந்தையின் பெயர் உள்ளது என்பதே, அரசு அக்குழந்தையை யாராகக் காண்கிறது என்பதற்கு முதற்சான்று.

எண்ணிக்கை என்னும் அளவுகோல் தமிழ்ப் பள்ளிகளைத் தாக்கிய விதமும் குறிப்பிடத்தக்கது. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள், 2000ஆம் ஆண்டளவில் 520க்கும் 530க்கும் இடைப்பட்ட எண்ணிக்கைக்குச் சுருங்கின. தோட்டத் துண்டாடல், சிறு பள்ளிகளின் இணைப்பு, நகர்ப்புறக் குடிபெயர்வு ஆகியவை இதற்குக் காரணங்கள். பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்துக்கு உரியதாக இருந்ததால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. நிலம் எவருடையது என்னும் 1912ஆம் ஆண்டின் வினா, தோட்டமே மறைந்த பின்னரும் பள்ளியைத் தொடர்ந்தது.

பாடநூலில் ஒரு முகம்

கொள்கை ஆவணங்களைப் படிப்போர் சிலர். பாடநூலைப் படிப்போர் இலட்சக்கணக்கானோர். அப்துல்லா உசேன் 1967இல் ஒரு போட்டிக்கு எழுதிய 'இண்டர்லோக்' என்னும் நாவல் மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை. அது 2011ஆம் ஆண்டு ஐந்தாம் படிவத்தின் இலக்கியப் பாடநூலாக வைக்கப்பட்டபோது, இந்தியக் குடியேறிகளைப் பற்றி அதில் ஆளப்பட்ட சாதிச் சொல்லும் விவரிப்பும் கடும் எதிர்ப்பை எழுப்பின. திருத்தம் பற்றிய நீண்ட விவாதத்திற்குப் பின் 2011 டிசம்பரில் அது பாடநூல் நிலையிலிருந்து மீட்டுக் கொள்ளப்பட்டது.

இந்நிகழ்வில் நாம் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். நாவலாசிரியர் இன ஒற்றுமையை நாடியே எழுதினார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நூலகத்தில் இருக்கும் நாவல் ஒருவரின் பார்வை. வகுப்பறையில் விதிக்கப்பட்ட நாவல் அரசின் பார்வையாக மாணவரிடம் சேர்கிறது. முப்பது மாணவர் உள்ள வகுப்பில் மூவரே இந்தியராக இருக்கும்போது அச்சொல் எவர்மேல் விழும் என்பதை ஆசிரியர் அறிவர். இரண்டாவது உண்மை நமக்குக் கசப்பானது. சாதி நம்முடன் கப்பலேறி வந்ததே. தோட்டத்து லயன்களிலும் அது வாழ்ந்தது. பிறர் நம்மைத் தவறாக வரைந்தனர் என்று கூறும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையைக் கொண்டு நம் வரலாற்றின் அப்பகுதியை நாமே அழித்துவிட முடியாது.

புதிய அயலவர்

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. பல்லாண்டுகள் பால்மரம் வெட்டிய தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். அவர்கள் விட்டுச் சென்ற தோட்டங்களிலும் பின்னர் எழுந்த செம்பனைத் தோட்டங்களிலும் இந்தோனேசியரும் பிற நாட்டவரும் வந்து சேர்ந்தனர். தோட்டத்து அயலவர் என்னும் இடம் காலியாகவில்லை. அதில் நின்றவர் மாறினர்.

2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. அக்கடமை மலேசியக் குடிமக்களாகிய பெற்றோர்க்கே விதிக்கப்பட்டது. குழந்தை உரிமைகள் ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் இணைந்தபோது, இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி பற்றிய 28ஆம் உறுப்பின் பகுதிக்கு விலக்குக் கோரியது. ஆவணமற்ற தொழிலாளரின் குழந்தைகளும் அகதிக் குழந்தைகளும் தன்னார்வ அமைப்புகள் நடத்தும் கற்றல் மையங்களை நம்ப வேண்டியவராயினர். சபாவின் செம்பனைத் தோட்டங்களில் இத்தகைய மையங்கள் பல எழுந்தன. 2008இல் கோத்தா கினபாலுவில் இந்தோனேசியப் பள்ளி தொடங்கப்பெற்ற பின்னர், அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் பயிலும் மையங்களும் தோட்டங்களில் ஏற்பட்டன.

தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. பல வகுப்புகளுக்குச் சில ஆசிரியர். கடல் கடந்து வந்த பாடநூல். என்றேனும் ஊர் திரும்புவர் என்னும் எண்ணம். இச்சித்திரத்தை நாம் எங்கோ முன்பே கண்டிருக்கிறோம். நூறாண்டுக்கு முன் இதில் நின்ற குழந்தை நம் பாட்டனார். 1931ஆம் ஆண்டுக் கணக்கில் அயலவராக எண்ணப்பட்டவர்கள் 1947ஆம் ஆண்டுக் கணக்கில் பாதியளவு மண்ணின் மக்களாயினர் என்பதை அறிந்த நாம், சபாவில் பிறந்து சபாவிலேயே வளரும் இக்குழந்தைகளைப் பற்றி 'வந்து போகிறவர்கள்' என்று எளிதில் கூறிவிட இயலாது. 'அந்நியர்' என்னும் சொல் நம்மேல் வீசப்படும்போது நோவது போலவே, அதை நாம் பிறர்மேல் வீசும்போதும் நமக்கு நோக வேண்டும். குடியுரிமையும் கல்வியுரிமையும் வேறு வேறு. முன்னதைப் பற்றி அரசுகள் பலவாறு முடிவு செய்யலாம். ஏழு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது அம்முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆவணங்களிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சிறுபான்மையினர் பற்றிய சித்திரம் ஒரே திசையில் வளர்ந்து வரவில்லை. 1912இல் தொழிலாளி, 1951இல் ஐயத்திற்குரியவர், 1957இல் பேணப்பட வேண்டியவர், 1961இல் பெயர் கூறப்படாதவர், 1996இல் எண்ணப்பட வேண்டியவர் என அது முன்னும் பின்னுமாக நகர்ந்துள்ளது. ஆகவே ஒருமுறை பெற்ற இடம் என்றும் நிலைக்கும் எனக் கொள்ளுதல் பிழையாகும். இரண்டாவதாக, குழுவில் அமர்ந்தவர் எவர் என்பது அறிக்கையின் சொற்களில் வெளிப்பட்டது. பார்ன்ஸ் குழுவின் சொற்களுக்கும் ரசாக் குழுவின் சொற்களுக்கும் இடையிலான வேறுபாட்டில், குழுவில் அமர்ந்தோர் மாறியதற்கும் பங்குண்டு. மூன்றாவதாக, கொள்கையின் சித்திரம் மக்களின் உண்மை நிலைக்கு ஒரு தலைமுறை பின்தங்கியே வந்துள்ளது.

தமிழாசிரியர்க்கு இவற்றால் ஒரு கடமை உண்டு. ரசாக் அறிக்கையைப் பற்றி நாம் மேடைகளில் கேட்டவை பல. அதனை நாமே எடுத்துப் படித்தது குறைவு. வேற்றுமை உருபையும் அடைமொழியையும் விளக்கிப் பழகிய நாம், அப்பயிற்சியை இவ்வாவணங்களின்மேல் செலுத்த வல்லவர்கள். ஆசிரியர் பயிற்சிக் கழக மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் இவ்வறிக்கைகளின் மூலப் பகுதிகளை வகுப்பறையிலேயே படித்து விவாதிக்கும் வாய்ப்பை ஏற்படுத்துதல் வேண்டும். அவ்விவாதத்தில் சீனப் பள்ளியும் பூர்வகுடிக் குழந்தையும் சபாவின் தோட்டக் கொட்டகையும் இடம்பெற வேண்டும். தன் பள்ளியின் வரலாற்றை மட்டும் அறிந்தவர் அதற்காக வழக்காட முடியும். எல்லாக் குழந்தைகளின் பள்ளி வரலாற்றையும் அறிந்தவரே அடுத்த கொள்கை எழுதப்படும் மேசையில் அமரத் தகுதி பெறுவர்.